விளையாட்டு வார்ப்புரு: கணினி கற்றோருக்கு ஓர் உபதொழில்

தறியும் வயலும் ஓய்ந்திருக்கும் மாதங்களில் வீட்டுக்கு வேறொரு வருமானம் வேண்டுமென்பது நம் அங்கத்தினர்கள் நெடுநாளாகக் கூறிவரும் குறையாகும். கணினி கற்ற பிள்ளைகள் இன்று பல வீடுகளில் இருக்கின்றனர். அவர்கள் மேற்கொள்ளக்கூடிய உபதொழில் ஒன்றை இங்கு விளக்க முற்படுகிறோம். கைப்பேசியிலும் கணினியிலும் ஆடப்படும் விளையாட்டுகளுக்கு வார்ப்புரு செய்து விற்பதே அது. இதில் பணம் உண்டா என்று முதலில் கேட்பீர்கள். உண்டு. ஆயினும் வாங்குபவர் எதற்காகப் பணம் தருகிறார் என்பதை அறியாமல் இறங்குவோர் பல மாத உழைப்பை வீணாக்குவர்.

வார்ப்புரு என்பதை ஆங்கிலத்தில் டெம்ப்ளேட் என்பர். ஜக்கார்டு தறியில் நெய்வோருக்கு இதை விளக்குவது எளிது. ஒருமுறை துளையிட்டுக் கோத்த அட்டைகளைக் கொண்டு, நூலின் நிறத்தை மட்டும் மாற்றி, பார்வைக்கு வெவ்வேறான பல சேலைகளை நெய்கிறோம். விளையாட்டு வார்ப்புருவிலும் ஆட்டத்தை நடத்தும் நிரல் அட்டையைப் போன்றது. படங்கள், ஒலிகள், சொற்கள், எண்கள் ஆகியவை நூலைப் போன்றவை. நிரலைத் தொடாமலே இவற்றை மாற்றித் தமது விளையாட்டாக ஆக்கிக்கொள்ள விரும்புவோரே வாங்குகின்றனர். வகுப்பில் வினாடி வினா நடத்தும் ஆசிரியர், விளம்பரத்துக்குச் சிறு விளையாட்டு தேடும் வியாபாரி, விளையாட்டு செய்யப் பழகும் இளைஞர் முதலியோர் இவர்களில் அடங்குவர். அமெரிக்காவில் 2006இல் தொடங்கிய டீச்சர்ஸ் பே டீச்சர்ஸ் என்னும் சந்தையில், ஆசிரியர்கள் தாம் செய்த பாடக் கருவிகளோடு இத்தகைய வினா விளையாட்டுகளையும் பிற ஆசிரியர்களுக்கு விற்கின்றனர்.

நாம் அனைவரும் அறிந்த பல்லாங்குழியையே உதாரணமாகக் கொள்வோம். குழிகள் பதினான்கு. ஆனால் குழிக்கு எத்தனை முத்து என்பது ஊருக்கு ஊர் மாறும். நான்கு முத்து சேர்ந்தால் ‘பசு’ என்று எடுத்துக்கொள்ளும் வழக்கமும் எல்லா ஆட்டங்களிலும் ஒரே விதமாக இல்லை. ஆகையால் இதனை வார்ப்புருவாகச் செய்பவர், தொடக்க முத்து எத்தனை, பசு உண்டா இல்லையா, காய் புளியங்கொட்டையா சோழியா, திரையில் வரும் சொற்கள் எம்மொழியில் என்பவற்றை எல்லாம் தனியே ஓர் அட்டவணையில் வைக்க வேண்டும். வாங்கியவர் அந்த அட்டவணையைத் திருத்தினால் போதும், ஆட்டம் மாறிவிடும்.

இங்கேதான் வேலையின் கடினம் தொடங்குகிறது. வாங்கியவர் தொடக்க முத்தை நான்கு என்று வைத்து, பசு வழக்கத்தையும் வேண்டுமென்று குறித்துவிட்டார் என வைத்துக்கொள்வோம். நான்கு முத்துள்ள குழியைக் கண்டால் எடுத்துவிடு என்று மட்டும் நிரல் எழுதப்பட்டிருப்பின், முதல் ஆட்டக்காரர் கை வைக்குமுன்பே 56 முத்தும் பலகையை விட்டுப் போய்விடும்! ஒரு முத்து விழுந்து அதனால் நான்கானால் மட்டுமே எடு என்று எழுதியிருக்க வேண்டும். தாமே ஆடுவதற்காக விளையாட்டு செய்பவருக்கு இக்கவலை இல்லை. அவர் ஐந்து முத்தோடு நிறுத்திக்கொள்வார். வார்ப்புரு செய்பவரோ, அயலார் எதையெல்லாம் மாற்றக்கூடும் என்று எண்ணிப் பார்த்து, அத்தனையையும் சோதித்தாக வேண்டும். ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்த பொத்தானில் தமிழ்ச் சொல் அடங்குமா என்பதும் அச்சோதனையில் சேரும். எதை எங்கே மாற்றுவது என்று படத்துடன் விளக்கும் கையேடும் வேண்டும். நம் அபிப்பிராயத்தில், விலையில் பாதி இக்கையேட்டுக்கே உரியது.

இனி, விற்பனை. வாங்குபவருக்கு நாம் தருவது உபயோக உரிமையே. வார்ப்புருவின் உடைமை நம்மிடமே இருக்கும். ஆகவே ஒரே பொருளைப் பலருக்கும் விற்கலாம். எத்தனை விளையாட்டுகளுக்கு உபயோகிக்கலாம், வார்ப்புருவையே மறுபடி விற்கலாமா என்பனவற்றை உரிமப் பத்திரத்தில் தெளிவாக எழுதிவிட வேண்டும். விற்கும் இடங்களில் 2010இல் தொடங்கிய யூனிட்டி அங்காடி கிரயத்தில் 30 சதவிகிதத்தை எடுத்துக்கொள்கிறது. 20 டாலருக்கு விற்றால் நமக்கு 14 டாலர். 2013இல் தோன்றிய இட்ச் என்னும் தளத்தில் கமிஷன் எவ்வளவு என்பதை விற்பவரே நிர்ணயிக்கலாம். ஒன்றும் குறிப்பிடாவிடில் அது 10 சதவிகிதம். தரகு என்றாலே நம் அங்கத்தினர்களுக்குக் கசப்பு உண்டு. எனினும் பெரிய அங்காடியில் வாங்குவோர் தேடி வருகின்றனர். சிறிய இடத்தில் நாமே அவர்களை அழைத்துவர வேண்டும். இரண்டையும் கணக்கிட்டே முடிவு செய்க.

பிறர் பொருளைக் கலந்துவிடும் பிழையில் பலர் சிக்குகின்றனர். ஓர் எழுத்துருவை நம் விளையாட்டில் உபயோகிக்க அனுமதி இருக்கலாம்; அதையே வார்ப்புருவில் வைத்து மற்றவருக்கு வழங்க அனுமதி இல்லாதிருக்கலாம். படமும் இசையும் அவ்வாறே. நெதர்லாந்தின் கென்னி என்னும் தளத்தில் நிபந்தனையின்றி உபயோகிக்கத்தக்க விளையாட்டுப் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. தொடக்கத்தில் அவை உதவும். ஆட்ட விதிகளுக்குப் பதிப்புரிமை இல்லை என்பது உண்மையே. ஆனால் அதை நம்பி டெட்ரிஸைப் போலவே ஒரு விளையாட்டை வெளியிட்ட ஒரு கம்பெனிக்கு எதிராக, தோற்றத்தை நகலெடுத்தது குற்றமே என்று 2012இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. பல்லாங்குழி, ஆடுபுலி ஆட்டம், பரமபதம் ஆகியவற்றின் விதிகள் எவருக்கும் தனியுடைமையல்ல. படங்களை மட்டும் நாமே வரைந்துகொள்ள வேண்டும்.

மற்றொரு செய்தியையும் மறைக்காமல் கூறுகிறோம். வியட்நாமில் ஒருவரே செய்த ஃபிளாப்பி பேர்ட் என்னும் விளையாட்டு 2014 தொடக்கத்தில் உலகெங்கும் பரவிற்று. அதன் சாயலில் எண்ணற்ற போலிகள் கிளம்பின. படத்தை மட்டும் மாற்றி வெளியிடுவதற்கென்றே வார்ப்புருக்களும் விலைக்கு வந்தன. இத்தகைய சரக்கு பெருகவே, 2017இல் ஆப்பிள் கம்பெனி, விலைக்கு வாங்கிய வார்ப்புருவில் செய்த செயலிகளைத் தன் அங்காடியில் கட்டுப்படுத்த விதி செய்தது. உள்ளடக்கத்துக்கு உரியவரே நேரில் சமர்ப்பித்தால் ஏற்கலாம் என்று அவ்வாண்டு இறுதியில் அவ்விதி தளர்ந்தது. ஆதலால் நிறத்தை மட்டும் மாற்ற இடந்தரும் வார்ப்புருவை வாங்கியவர் பின்னர் இடர்ப்படுவார். அவருடைய அதிருப்தி நம் பொருளின் கீழ் மதிப்புரையாக வந்து நிற்கும். விதியையும் கட்டங்களையும் மாற்ற இடமளித்தல் அவருக்கும் நமக்கும் நன்று.

கருவியைப் பற்றியும் ஒரு சொல். யூனிட்டி கம்பெனி 2023 செப்டம்பரில், விளையாட்டு நிறுவப்படும் ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் என்று அறிவித்துப் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. ஓராண்டு கழித்து அதை அறவே கைவிட்டது. நூல் ஒரே வியாபாரியிடம் இருக்கும்போது நெசவாளர் படும் பாட்டை நாம் அறிவோம். 2014 முதல் எவரும் இலவசமாக உபயோகிக்கும்படி திறந்த உரிமத்தில் கிடைக்கும் கோடோ என்னும் கருவியில் அவ்வச்சம் இல்லை. எந்தக் கருவியானாலும் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் பழைய வார்ப்புருவை இயக்கிப் பார்த்துத் திருத்தித் தரவேண்டியிருக்கும். விற்றபின் வரும் கேள்விகளுக்கும் பதில் எழுத வேண்டும். வாரத்தில் சில மணி நேரத்தை இதற்கென ஒதுக்க இயலாத வீட்டில், இரண்டாவது வார்ப்புருவைத் தொடங்காமல் முதலாவதை மட்டும் பேணிவருவதே உசிதம்.