களிமண் உடம்பு, சலவைக்கல் பாதம்

ஆப்கானிஸ்தானின் வட எல்லையில், ஆமு தரியாவோடு கோக்சா ஆறு கலக்கும் மேட்டில் இருக்கிறது அய் கானும். 1961இல் வேட்டைக்குப் போன மன்னர் ஜாஹிர் ஷா, கொரிந்தியப் பாணியில் இலைகள் செதுக்கிய தூண் போதிகை ஒன்றை அங்கே பார்த்தார். பிறகு பால் பெர்னார் தலைமையிலான பிரெஞ்சுக் குழு 1978 வரை அகழாய்வு செய்தது. வெளிப்பட்டது, அலெக்சாண்டரின் வழிவந்த கிரேக்கர்கள் பாக்திரியாவை ஆண்ட காலத்து அரண்மனை நகரம். யூக்ரடிடீஸ் மன்னரின் தலைநகர் இதுவே என்பது அறிஞர்களின் கணிப்பு.

நகரின் பெருங்கோயிலில் கிடைத்த முக்கியமான சிற்பத் துண்டு ஒரு சலவைக்கல் பாதம். செருப்பு வாரில் சிறகு முளைத்த இடியாயுதம் பொறித்திருக்கிறது. கிரேக்கக் கடவுள் ஜீயஸின் அடையாளம் அது. ஆளைப்போல இரண்டு மூன்று மடங்கு பெரிய சிலை. மற்ற உடம்பு எங்கே?

கரைந்துபோயிருக்கும். நல்ல சலவைக்கல் அரிதான ஊரில், கண்ணில் படும் மேனிக்கு மட்டும் அதைச் செலவழித்தார்கள் சிற்பிகள். தலை, கை, கால் கல்லில். மற்றதெல்லாம் மரச்சட்டத்தின் மேல் களிமண்ணும் சுதையும். அக்ரோலித் எனப்படும் இந்த உத்தி கிரேக்கர்களுக்குப் பழையதுதான். ஆனால் மண் வேலை இங்கே ஊன்றியதுபோல் கிரேக்கத்தில் ஊன்றவில்லை.

ஜீயஸ் குடியிருந்த கோயிலும் கிரேக்கக் கோயில் அல்ல. பச்சைச் செங்கல் சுவர், வெளிப்புறம் முழுக்க மாடங்கள், மூன்று படி மேடை: எல்லாம் மெசப்பொத்தேமிய வழக்கம். உள்ளூர் மக்கள் அவரை வேறு பெயரில் கும்பிட்டிருப்பார்கள் என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. கட்டடங்களின் தட்டை மண்கூரையிலும் இதே கதைதான். ஓரத்தில் மட்டும் கிரேக்க அலங்கார ஓடுகள். தெருவில் நிற்பவருக்கு அது போதும்!

அதே கோயிலில் கிடைத்த வெள்ளித்தட்டு இன்னும் சுவாரஸ்யம். குறுக்களவு 25 செ.மீ., பொன் முலாம். சிங்கங்கள் இழுக்கும் தேரில் தாய்த்தெய்வம் சிபெலே. ஓட்டுபவள் சிறகுள்ள வெற்றித் தேவதை நிக்கே. பின்னால் ஒரு பூசாரி குடை பிடிக்கிறார், எதிரே படிப்படியான பலிபீடம். குடையும் பலிபீடமும் கீழைநாட்டுச் சரக்கு. மேலே சூரியக் கடவுள் ஹீலியஸ், பிறை, நட்சத்திரம். முகங்கள் கிரேக்கம், ஆழமே காட்டாமல் தட்டையாக அடுக்கிய விதம் கிரேக்கம் இல்லை.

கி.மு. 145 வாக்கில் நகரம் வீழ்ந்தது. மண்ணில் உருவம் பிடிக்கும் தொழில் வீழவில்லை. சில நூற்றாண்டுகள் கழித்து, ஜலாலாபாத்துக்குப் பக்கத்திலுள்ள ஹட்டாவின் பௌத்த விகாரைகளைக் களிமண், சுதைச் சிற்பங்கள் நிறைத்தன. ஒரு விகாரையில் புத்தருக்குக் காவலாக உட்கார்ந்திருந்த வஜ்ரபாணிக்கு கிரேக்க வீரன் ஹெராக்ளிஸின் தாடி, தோளில் அவனுடைய சிங்கத்தோல்.