எக்ஸ்ரே அறைக்குள் போகும் முன்

விழுந்து கையில் அடிபட்ட குழந்தை வீறிட்டு அழுகிறது. "கையை அசையாம பிடிச்சுக்குங்கம்மா" என்று சொல்லிவிட்டு டெக்னீசியன் நகர்கிறார். தாய்க்கு ஈய ஏப்ரன் தரவில்லை. கர்ப்பமாக இருக்கிறாரா என்றும் கேட்கவில்லை. கதவு பாதி திறந்திருக்கிறது. அடுத்த டோக்கன்காரர் அறைக்குள்ளேயே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். படம் எடுக்க ஒரு நொடிகூட ஆகாது. அதற்குள் நான்கு பாதுகாப்பு விதிகள் காற்றில் பறந்துவிடுகின்றன.

இந்த விதிகள் எதற்காக வந்தன என்பது நோயாளிக்கும் தெரிய வேண்டும், எக்ஸ்ரே பயிலும் மாணவருக்கும் தெரிய வேண்டும்.

படம் எப்படி விழுகிறது?

எக்ஸ்ரே குழாய்க்குள் சூடான இழையிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்புகின்றன. உயர் மின்னழுத்தம் அவற்றை விரட்டிக்கொண்டுபோய் டங்ஸ்டன் தகட்டில் மோதவைக்கிறது. மோதும் ஆற்றலில் ஏறத்தாழ 99 சதவீதம் வெறும் வெப்பமாகிவிட, மிச்சம்தான் எக்ஸ் கதிர். எலும்பில் உள்ள கால்சியம் கதிரை அதிகம் உறிஞ்சுவதால் அந்த இடம் படத்தில் வெள்ளையாகத் தெரிகிறது. காற்று நிறைந்த நுரையீரல் கறுப்பாக விழுகிறது.

டெக்னீசியன் கையில் முக்கியமாக மூன்று கட்டுப்பாடுகள் இருக்கின்றன. கிலோவோல்ட், கதிரின் ஊடுருவும் வலிமையைத் தீர்மானிக்கிறது. மில்லி ஆம்பியர்-நொடி, கதிரின் அளவைத் தீர்மானிக்கிறது. மூன்றாவது கோலிமேட்டர். உடம்பில் விழும் வெளிச்சக் கட்டத்தைச் சுருக்கி, தேவையான பகுதிக்கு மட்டும் கதிரை அனுப்புவது அதன் வேலை. மணிக்கட்டுக்கு எடுக்கும் படத்தில் முழங்கை வரை தெரிந்தால், அவ்வளவு தூரமும் வீணாகக் கதிர் பட்டிருக்கிறது.

பிலிம் காலத்தில் கதிர் கூடினால் படமே கறுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். டிஜிட்டலில் அந்தக் காவல் இல்லை. கூடுதல் கதிரில் எடுத்த படத்தையும் கணினி சரிசெய்து பளிச்சென்று காட்டிவிடும். அதனால் படம் நன்றாக இருப்பதை மட்டும் வைத்து அளவு சரி என்று மாணவர் முடிவுகட்டக் கூடாது. திரையில் வரும் கதிரளவுக் குறியீட்டையும் பார்க்க வேண்டும்.

ஆபத்து எவ்வளவு?

1895-ல் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் ரான்ட்ஜென் இந்தக் கதிரைக் கண்டறிந்தார். அதன் தீங்கு புரியாமலே பலர் கையாண்டார்கள். எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டேலி, எக்ஸ் கதிர்ச் சோதனைகளில் கைகள் புண்ணாகி, புற்றுநோய் பரவி 1904-ல் இறந்தார். எடிசன் அந்த ஆய்வையே கைவிட்டார்.

இன்றைய அளவுகள் மிகச் சிறியவை. நெஞ்சுப் படம் ஒன்றில் சுமார் 0.02 மில்லிசீவர்ட் கதிர் கிடைக்கிறது. மண்ணிலிருந்தும் விண்வெளியிலிருந்தும் இயற்கையாக ஒருவருக்கு ஆண்டுக்குச் சேர்வது உலகச் சராசரியில் 2.4 மில்லிசீவர்ட். வயிற்று சி.டி. ஸ்கேன் வேறு கணக்கு: சுமார் 8 மில்லிசீவர்ட், அதாவது 400 நெஞ்சுப் படங்களுக்குச் சமம். படம் எடுத்து முடித்ததும் உடம்பில் கதிர் எதுவும் தங்குவதில்லை. ஆனால் காரணமில்லாத படமும், அசைந்ததால் மறுபடி எடுக்கும் படமும் வீண் சுமை. சங்கிலி, தாயத்து, ஊக்கு ஆகியவற்றை முதலிலேயே கழற்றச் சொன்னாலே மறுபடங்கள் குறையும்.

கர்ப்பம் தெரியாமல் நெஞ்சுக்கோ கைக்கோ படம் எடுத்துவிட்டால் பதற வேண்டியதில்லை. கருவுக்குச் சேரும் கதிர் மிக மிகக் குறைவு. அந்தப் பயத்தில் கருவைக் கலைக்க ஓடும் பெண்களைத் தடுத்து, மகப்பேறு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். மாதவிலக்கு தள்ளியிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

என்னென்ன கேட்கலாம்?

1983-ல் அமைந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்தான் எக்ஸ்ரே கருவிகளுக்கு இந்தியாவில் அனுமதி தருகிறது. இணையவழி 'ஈலோரா' முறையில் பதிவு செய்யாமல் எந்த மையமும் கருவியை இயக்கக் கூடாது. அனுமதி இருக்கிறதா, படம் எடுப்பவர் முறையாகப் படித்தவரா என்று நோயாளி கேட்பதில் தவறே இல்லை. வாசலில் கதிர்வீச்சு எச்சரிக்கைப் பலகையும், கருவி இயங்கும்போது எரியும் சிவப்பு விளக்கும் இருக்க வேண்டும். படம் எடுக்கும்போது அறையில் நோயாளியைத் தவிர வேறு நோயாளி இருக்கக் கூடாது. குழந்தையைப் பிடிக்க ஆள் தேவையென்றால் கர்ப்பிணி அல்லாத பெரியவர் ஒருவர், ஏப்ரன் அணிந்து பிடிக்கலாம். "இந்தப் படம் எதுக்கு டாக்டர்? போன மாசம் எடுத்தது போதாதா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வது மருத்துவரின் கடமை.

பணியாளருக்கும் உரிமை உண்டு. அவர் நெஞ்சில் அணியும் டி.எல்.டி. பேட்ஜ், சேரும் கதிரை அளக்கிறது. வரம்பு 5 ஆண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஒரு ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. பேட்ஜ் தராத, அல்லது அதை மேசை டிராயரில் பூட்டி வைக்கச் சொல்லும் நிர்வாகத்தை ஊழியர் தட்டிக் கேட்கலாம். இடைவெளி இரு மடங்கானால் கதிர் நான்கில் ஒன்றாகக் குறையும் என்பதால், தள்ளி நிற்பதும் தடுப்புக்குப் பின்னால் நிற்பதும் அவருடைய முதல் கவசம்.

எங்கே முறையிடுவது?

அனுமதியில்லாத கருவி, திறந்த கதவு போன்ற பாதுகாப்புக் குறைகளை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கு எழுதலாம். அதன் தென்மண்டல மையம் சென்னையில் இருக்கிறது. அரசு மருத்துவமனை என்றால் அதன் முதல்வரிடமோ (டீன்), மாவட்ட சுகாதார அதிகாரிகளிடமோ, 104 எண்ணிலோ புகார் சொல்லலாம். காசு வாங்கிக்கொண்டு அலட்சியமாக நடந்துகொண்ட தனியார் மையத்தின் மீது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கட்டண மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. சம்பவம் நடந்த 2 ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். ஆலோசனைக்கு 1915 என்ற எண் இருக்கிறது. மருத்துவக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கிறது 2002-ம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. ரசீது, டாக்டர் சீட்டு, படம், ரிப்போர்ட் நான்கையும் ஒரே கவரில் போட்டு வைத்திருந்தால் புகாருக்கும் ஆதாரமாகும்; அடுத்த மருத்துவர் அதே படத்தை மறுபடி எடுக்கச் சொல்வதையும் தவிர்க்கலாம்.