முதலில் தண்ணீர், பிறகு வண்டி!

"அத்தை, ஓடியாங்க! அம்மா ஒரு மாதிரியாப் பேசுதா!"

எதிர் வீட்டுச் சிறுமியின் குரல் கேட்டு, அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். அவள் அம்மா, முள்ளக்காட்டு உப்பளத்தில் விடியற்காலையிலிருந்து உப்புச் சுமந்துவிட்டுத் திரும்பியவள், திண்ணையில் சரிந்து கிடந்தாள். என்னைப் பார்த்து, "நீ யாரு?" என்றாள். பத்து வருஷப் பழக்கம்! தொட்டால் உடம்பு தோசைக்கல்லாகக் கொதித்தது. ஆனால் வேர்வை ஊற்றிக்கொண்டிருந்தது.

"வேர்க்குதே, வெறும் மயக்கந்தான்" என்றார் ஒரு பாட்டி. நானும் நம்பினேன். 108க்குப் போன் செய்துவிட்டு, முகத்தில் மட்டும் தண்ணீர் தெளித்தேன். பக்கத்திலேயே நாலு குடம் தண்ணீர் இருந்தது!

என் தவறு ஆஸ்பத்திரியில்தான் புரிந்தது. சும்மா இருக்கும் முதியவர்களுக்கு வெப்பத் தாக்கு வந்தால் பெரும்பாலும் தோல் உலர்ந்திருக்கும். பாடுபடுகிறவர்களுக்கு வேர்வையோடேயே வருமாம். உழைக்கும் தசைகளே சூட்டை உண்டாக்குகின்றன. வேர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். நம் கடற்கரைப் புழுக்கத்தில் அது எங்கே காய்கிறது?

உள்சூடு 104 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டினால் முதலில் மூளை தடுமாறும். அதுதான் அந்த உளறல். சூட்டை வெளியேற்ற ரத்தம் தோலுக்கு ஓடுவதால் குடலுக்குக் குறையும். குடல்சுவர் நலிந்து, கிருமிகளின் நஞ்சு ரத்தத்தில் கசியும். சிதைந்த தசையின் சாயம் சிறுநீரகத்தை அடைக்கும். எங்கள் அக்காவுக்குச் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. ஈரலின் பாதிப்பு இரண்டு, மூன்று நாள் கழித்தும் தெரியவரும். அதனால் "எழுந்து உக்காந்துட்டா, இனி பயமில்லை" என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளக் கூடாது.

சகோதரிகளே, கடும் வெயிலில் வேலை செய்தவரோ, ஓட்டப் பயிற்சிக்குப் போன பிள்ளையோ உளறினால் உடனே நிழலில் கிடத்துங்கள். உடையைத் தளர்த்தி, தலை முதல் கால்வரை தண்ணீர் ஊற்றி, விடாமல் விசிறுங்கள். ஐஸ் கிடைத்தால் கழுத்திலும் அக்குளிலும் வையுங்கள். வண்டி வரும்வரை நிறுத்தாதீர்கள். அரை மணிக்குள் சூடு இறங்கினால் உறுப்புகள் தப்பும். நினைவு தடுமாறுகிறவருக்கு எதையும் புகட்டாதீர்கள். காய்ச்சல் மாத்திரை இந்தச் சூட்டைக் குறைக்காது.

சென்னை ஸ்ரீராமச்சந்திரா ஆய்வாளர்கள் தமிழக உப்பளத் தொழிலாளர்களைப் பரிசோதித்து 2023இல் வெளியிட்ட ஆய்வு, தினசரி வெப்பமும் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம் என்று எச்சரிக்கிறது. ஒதுங்க இடமில்லையே என்று நம் பெண்கள் தண்ணீர் குடிக்காமலே வேலை செய்கிறார்கள். உப்பளத்தில் கழிப்பறை கேட்பதும் மருந்து கேட்பதும் ஒன்றுதான்.

ஒன்பதாம் நாள் அக்கா வீடு திரும்பினாள். "நீராகாரம் குடிச்சிட்டுத்தான் போனேன், மதினி" என்றாள். நீராகாரம் நல்லதுதான். ஆனால் அன்று அவளுக்கு வேண்டியிருந்தது, நான் ஊற்றாமல் விட்ட அந்த நாலு குடம் தண்ணீர்.