பழுது நீக்க முடியாத மடிக்கணினிகள்

அயனம்பாக்கத்தில் நான் வசிக்கும் தெருவில் மடிக்கணினி இல்லாத வீடு அரிது. 2020 பொதுமுடக்கத்தில் வீடே அலுவலகமாகவும் வகுப்பறையாகவும் மாறியபோது வந்தவை பல. அவற்றில் பிடித்தது எது, பிடிக்காதது எது என்று அண்டை வீட்டாரிடம் அவ்வப்போது கேட்பதுண்டு. விளம்பரங்கள் முழங்கும் செயலியின் வேகத்தை ஒருவரும் சொன்னதில்லை.

மின்சாரம் போனாலும் வேலை நிற்காது. விசைகள் விரலுக்கு இதமாக இருக்கின்றன. இவை பாராட்டுகள். அரை மணி நேரத்தில் தீர்ந்துபோகும் மின்கலம், உடைந்துவிடும் கீல், மடியில் வைக்க முடியாத சூடு ஆகியவை குறைகள். குறைகளைச் சொல்பவர்கள் கடைசியில் சொல்வது ஒன்றுதான்: "சரிசெய்யப் போனால், புதிது வாங்கச் சொல்கிறார்கள்."

எனக்கும் அதுவே நேர்ந்தது. என் மடிக்கணினியில் ஒரே ஒரு விசை செயலிழந்தது. மேற்பகுதி முழுவதையும் மாற்ற வேண்டும் என்றார்கள். கேட்ட தொகை புதிய கணினியின் விலையில் மூன்றில் ஒரு பங்கு. ரிச்சி தெருவிலும் தேடினேன். உதிரி பாகம் கிடைக்கவில்லை. தனி விசைப்பலகை ஒன்றை வாங்கிச் செருகினேன். மடிக்கணினி மேசைக்கணினியாயிற்று.

இதற்குக் காரணம் வடிவமைப்பு. முன்பெல்லாம் மின்கலத்தை வெளியிலிருந்தே கழற்றலாம். நினைவகத்தைக் கூடுதலாகப் பொருத்தலாம். மெலிதாக்கும் போட்டியில் பல மாதிரிகளில் மின்கலம் உள்ளே ஒட்டப்பட்டது. நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டது. விசைப்பலகை மேலுறையோடு இணைக்கப்பட்டது. மின்கலமோ தேயவே பிறந்த பொருள். சென்னை வெயிலும், எந்நேரமும் முழு மின்னேற்றத்தில் வைத்திருப்பதும் அதன் ஆயுளைக் குறைக்கும். பல கணினிகளில் மின்னேற்றத்தை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருப்பது பலருக்குத் தெரிவதில்லை.

வசதி உள்ளவர்கள் புதிது வாங்கிவிடலாம். 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூரை அடுத்த காக்களூரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் எத்தனையோ குடும்பங்களுக்குள் முதல் கணினி நுழைந்தது. அது பழுதானால் இன்னொன்று வாங்க அக்குடும்பங்களால் இயலாது. 2025-26 நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி வழங்கப்படும் என அறிவிக்கப்பட்டது. வழங்கும் எண்ணிக்கையைப் போலவே, உதிரி பாகங்கள் எத்தனை ஆண்டுகள் கிடைக்கும் என்பதும் ஒப்பந்தத்தில் முக்கியம்.

பிரான்ஸில் 2021 முதல் மடிக்கணினிகளுக்கு, பழுது நீக்க எவ்வளவு எளிது என்பதற்கான மதிப்பெண்ணை 10-க்கு இவ்வளவு எனக் கடையிலேயே காட்ட வேண்டும். கழற்றும் எளிமை, உதிரி பாகங்களின் இருப்பு, அவற்றின் விலை ஆகியவை கணக்கில் கொள்ளப்படுகின்றன. இந்தியாவில் 2022 டிசம்பரில் பழுதுநீக்கும் உரிமைக்கான இணையதளத்தை மத்திய அரசு தொடங்கியது. அது தகவல் தரும் ஏற்பாடு மட்டுமே. உதிரி பாகத்தைத் தந்தாக வேண்டும் என்ற சட்டக் கடமையே உரிமைக்கு உயிரூட்டும்.

அதுவரை, வாங்கும் முன் மூன்று கேள்விகளைக் கேட்போம். மின்கலத்தைத் தனியே மாற்றலாமா? நினைவகத்தைக் கூட்டலாமா? உதிரி பாகங்கள் எத்தனை ஆண்டுகள் கிடைக்கும்? வாங்குவோர் கேட்கத் தொடங்கினால், விற்போர் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்!