மைந்தர்க்கு உரிமையில்லா அரசு

தந்தை அமர்ந்த அரியணையில் அவருக்குப் பின் மைந்தர் அமர்வார். மன்னராட்சி என்றதும் நம் மனத்தில் எழும் சித்திரம் இதுவே. ஆனால் வாசகர்களே, எகிப்தையும் ஷாம் நாட்டையும் 1250 முதல் 1517 வரை ஆண்ட ஓர் அரசு, தன் தளபதிகளின் பிள்ளைகளை விலக்கி வைத்தே வலிமை பெற்றது! அதுதான் மம்லூக்குகளின் அரசு. 'மம்லூக்' என்னும் அரபுச் சொல்லுக்கு 'உடைமையாக்கப்பட்டவர்' என்று பொருள்.

கருங்கடலுக்கு வடக்கேயுள்ள புல்வெளிகளில் துருக்கியச் சிறுவர்கள் விலைக்கு வாங்கப்பட்டனர். ஜெனோவா நகரத்துக் கிறிஸ்தவ வணிகர்களின் கப்பல்களும் அவர்களைச் சுமந்து வந்தன. கெய்ரோவின் படைக்கூடங்களில் முதலில் குர்ஆனும் எழுத்தும், பின்னர் குதிரையேற்றமும் வில்லும் ஈட்டியும் கற்பிக்கப்பட்டன. பயிற்சி முடிந்ததும் விடுதலை! உற்றார் எவருமில்லாத அந்த இளைஞருக்கு, விலை கொடுத்து வாங்கி விடுவித்த எஜமானரே தந்தை. உடன் பயின்றோரே சகோதரர்.

இத்தகையோரைத் திரளாக வாங்கி நைல் நதித் தீவொன்றில் குடியமர்த்தியவர் அய்யூபிய சுல்தான் ஸாலிஹ். 1249இல் பிரெஞ்சு மன்னர் லூயி படையெடுத்து வந்திருந்த வேளையில் அவர் மரணமடைந்தார். அவருடைய துணைவி ஷஜருத் துர், தாமும் அடிமையாக வந்தவரே, அச்செய்தியை மறைத்துப் போரை நடத்தச் செய்தார். லூயி சிறைப்பட்டார். 1250இல் ஷஜருத் துர்ரின் பெயரால் குத்பா ஓதப்பட்டது, நாணயமும் அச்சாயிற்று. டில்லியில் ரஸியா அரியணை ஏறிப் பதினான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. ஏறத்தாழ எண்பது நாட்களில் ஷஜருத் துர் பதவி துறந்தார். ஆட்சி மம்லூக்குகளின் கைக்கு மாறியது.

1260இல் ஐன் ஜாலூத்தில் மங்கோலியரை முறியடித்தவர்கள் இவர்களே. வெற்றியுடன் திரும்பும் வழியிலேயே சுல்தான் குத்ஸைக் கொன்று பைபர்ஸ் ஆட்சியைக் கைப்பற்றியதும் அதே ஆண்டில்தான். மறு ஆண்டே அவர் கெய்ரோவில் ஓர் அப்பாஸிய கலீஃபாவை அமர்த்தித் தம் ஆட்சிக்கு அங்கீகாரம் தேடிக்கொண்டார். டமாஸ்கஸிலிருந்து நான்கு நாட்களில் செய்தி வந்து சேருமாறு அஞ்சல் குதிரைகளையும் நிறுத்தினார்.

பிள்ளைகளை ஏன் விலக்கினர் என்று கேட்பீர்கள். முஸ்லிமாகப் பிறந்தவரை அடிமையாக்கச் சட்டம் இடந்தரவில்லை. எனவே மம்லூக்கின் மைந்தர் மம்லூக்காக இயலாது. 'இக்தா' எனப்படும் நில வருவாயும் பணிக்கான ஊதியமேயன்றிக் குடும்பச் சொத்தன்று. தளபதி இறந்ததும் அது அரசுக்கே திரும்பியது. ஆதலால் ஐரோப்பாவிற்போல் பரம்பரைக் குறுநில மன்னர்கள் இங்கு தலையெடுக்கவில்லை. 1315இல் சுல்தான் நாஸிர் முஹம்மத் எகிப்தின் நிலங்களையெல்லாம் மீண்டும் அளந்து பங்கிட முடிந்ததும் இதனாலேயே.

ஆயினும் தந்தை மனம் சட்டத்துக்கு அடங்குமா? சுல்தான்கள் தம் மைந்தருக்கு முடிசூட்டிச் சென்றனர். தளபதிகள் பெரும்பாலும் விரைவிலேயே அவர்களை இறக்கினர். கலாவூனின் குடும்பம் மட்டும் விதிவிலக்காக, ஏறத்தாழ நூறாண்டுகள் அரியணையில் நீடித்தது. அதிலும் பிற்காலத்தவர் பலர் பெயரளவு மன்னரே. மற்றத் தளபதிகள் வேறொரு வழி கண்டனர். மதரஸாக்களும் மருத்துவமனைகளும் கட்டி, அவற்றுக்குச் சொத்துக்களை வக்ஃபு செய்து, நிர்வாகிகளாகத் தம் சந்ததியரையே நியமித்தனர். கெய்ரோவில் இன்றும் நாம் காணும் எழில்மிகு கட்டடங்கள் சிலவற்றில், இறைப்பணியோடு பிள்ளைகளின் எதிர்காலக் கவலையும் கலந்தே இருக்கிறது.

இந்த ஏற்பாட்டின் திறமையை வியக்கலாம். ஆனால் ஒவ்வொரு தலைமுறையிலும் புதிய சிறுவர்கள் தாய்மாரிடமிருந்து பிரிக்கப்பட்டால்தான் இவ்வரசு இயங்கும் என்பதை எண்ணும்போது, அவ்வியப்பு பாதியில் நின்றுவிடுகிறது.

டமாஸ்கஸின் ஆளுநராயிருந்து 1412இல் மறைந்த தக்ரீபிர்தி என்னும் மம்லூக்கின் மகனுக்கும் தந்தையின் பதவி கிட்டவில்லை. அவர் கல்வியை நாடினார். இப்னு தக்ரீபிர்தி என்ற பெயரில் அவர் எழுதி வைத்த எகிப்திய வரலாற்றைப் புரட்டித்தான், அவருடைய தந்தையின் தோழர்களை இன்று நாம் அறிகிறோம்.