மலையில் சாமை, அடிவாரத்தில் கரும்பு: செய்யாற்றுத் தண்ணீர் எங்கே போகிறது?

ஜவ்வாது மலையில் பிறந்து பாலாற்றில் சேர்வது செய்யாறு. செங்கம் பக்கம் கோடையில் பாலத்தில் நின்று பார்த்தால் கீழே மணல்தான் தெரியும். ஆனால் கரையோரம் நெல்லும் கரும்பும் பச்சைப்பசேல்! ஆறே காய்ஞ்சு கிடக்கும்போது இது எப்படி?

கிணற்றுத் தண்ணீர்தான். சின்னக் கணக்கு ஒன்று: திருவண்ணாமலை மாவட்டத்தின் ஆண்டு மழை சராசரியாக சுமார் 1,000 மி.மீ. கரும்பு வெட்டுக்கு வருவதற்குள் 1,500 முதல் 2,500 மி.மீ. வரை குடிக்கும். பெய்த மழை முழுசும் அதே வயலில் இறங்கினாலும் குறைந்தது 500 மி.மீ. துண்டு விழும். ஏக்கருக்கு சுமார் 20 லட்சம் லிட்டர்! அதை மோட்டார்தான் இறைக்கணும். 1990-லிருந்து தமிழ்நாட்டில் விவசாய மின்சாரம் இலவசம் என்பதால் கரண்ட் பில்லும் கிடையாது.

அப்போ தப்பு விவசாயி மேலயா? அவ்வளவு சிம்பிள் இல்லை. கரும்புக்கு மத்திய அரசு விலை வைக்குது, ஆலை வாங்கிக்கும். நெல்லுக்குக் கொள்முதல் நிலையம் இருக்கு. மேலே ஜமுனாமரத்தூர் பக்கம் மலையாளி பழங்குடியினர் மழையை நம்பியே விதைக்கும் சாமைக்கோ, ஆதரவு விலைப் பட்டியலில் தனி விலையே இல்லை. கடன் வாங்கி போர் போட்டவர் எதை நடுவார், சொல்லுங்க?

இன்னொரு சிக்கல், நிலத்தடியில் இருப்பது கடினப் பாறை. அதன் வெடிப்புகளில் தேங்கும் தண்ணீர் கொஞ்சம்தான். பக்கத்து வயலில் ஆழமா போர் இறங்கினால், முதலில் வற்றுவது திறந்த கிணறு மட்டுமே வைத்திருக்கும் சிறு விவசாயியின் வயல்தான்.