கம்பத்தில் ஏறும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை

போல் டான்ஸ் கற்றுக்கொடுப்பவருக்கு இன்ன தகுதி வேண்டும் என்று இந்தியாவில் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அரசு உரிமமும் கிடையாது. ஓர் அறையும் இரண்டு கம்பங்களும் இருந்தால் வகுப்பு தொடங்கிவிடலாம். கற்றுக்கொள்பவரோ தன் முழு எடையையும் ஓர் உலோகக் குழாயில் தொங்கவிட்டு, பல அடி உயரத்தில் தலைகீழாகத் தொங்குகிறார். இந்த ஆட்டத்தை மதுக்கூடங்களோடு சேர்த்தே பேசும் வழக்கம் இருப்பதால், அடிபட்டால் வீட்டில் சொல்லவே கூச்சம். புகார் கொடுப்பதைப் பற்றி யோசிப்பதுகூட இல்லை. போல் டான்ஸுக்கென 2009-இல் ஒரு சர்வதேசக் கூட்டமைப்பு உருவானது, 2017-இல் உலக விளையாட்டுக் கூட்டமைப்புகளின் சங்கம் அதற்குப் பார்வையாளர் தகுதி கொடுத்தது என்பதெல்லாம் கூச்சத்தைக் கொஞ்சம் போக்கலாம். ஆனால் அந்த அங்கீகாரம் இல்லாவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது. பணம் கொடுத்துப் பெறும் எந்தச் சேவைக்கும் உள்ள உரிமை இதற்கும் உண்டு. நீங்கள் கற்றது பரதமா, நீச்சலா, கம்ப ஆட்டமா என்று நுகர்வோர் சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை.

முதலில் கம்பம். வீட்டில் பழக வாங்குவது பெரும்பாலும் துளை போடாமல், தரைக்கும் கூரைக்கும் நடுவே திருகி இறுக்கி நிறுத்தும் வகை. அழுத்தம் ஒன்றுதான் அதை நிறுத்தி வைக்கிறது. அந்த அழுத்தத்தை வாங்கிக்கொள்ள மேலே உறுதியான காங்கிரீட் தளம் வேண்டும். ஃபால்ஸ் சீலிங் போட்ட அறையில் ஜிப்சம் பலகையின் மேல் முட்டுக்கொடுத்து நிறுத்தினால், பார்க்க நேராகத்தான் நிற்கும். ஆள் ஏறிச் சுழலும்போது பலகை நொறுங்கிக் கம்பம் சாயும். அந்த இடத்தில் பலகையை வெட்டி, நீட்டிப்புக் குழாய் போட்டு, உண்மையான தளத்தைத் தொட வைக்க வேண்டும். ஓட்டு வீட்டுக்கும் ஆஸ்பெஸ்டாஸ், தகரக் கூரைக்கும் இந்த வகை கூடவே கூடாது. தரையையும் தட்டிப் பாருங்கள். டைல்ஸுக்கு அடியில் வெற்றுச் சத்தம் கேட்டால் இடத்தை மாற்றுங்கள். வாடகை வீடென்றால், துளை போடும் வகையைப் பொருத்துவதற்கு முன் வீட்டுக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள்.

மலிவு விலைக் கம்பங்களில் பெயர்பெற்ற நிறுவனங்களின் போலிகளும் கலந்திருக்கின்றன. மெல்லிய குழாய், சரியாகப் பொருந்தாத இணைப்பு, மரை தேய்ந்துபோகும் திருகு என்று கோளாறு உள்ளே இருக்கும். வெளியில் குரோம் பளபளக்கும். எத்தனை கிலோ தாங்கும், தலைகீழ் அசைவுகளுக்கு ஏற்றதா, உதிரிபாகம் கிடைக்குமா என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் தராத கடையில் வாங்காதீர்கள். போட்டிகளில் 45 மில்லிமீட்டர் விட்டமுள்ள கம்பம்தான் வழக்கம். பழைய ஸ்டுடியோக்களில் 50 மில்லிமீட்டர் கம்பங்களும் இருக்கும். சிறிய கைகளுக்கு அது சிரமம். பொருத்தியதும் இரு பக்கமும் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். அதோடு முடிந்துவிடாது, ஒவ்வொரு முறை ஏறும் முன்பும் பிடித்து அசைத்துப் பார்த்துத் திருகை இறுக்க வேண்டும். சுழலும் நிலைக்கும் நிலையான நிலைக்கும் மாற்றக்கூடிய கம்பத்தில் பூட்டுத் திருகு தளர்ந்திருந்தால், நிற்கும் என்று நம்பி ஏறியவரின் தோளும் மணிக்கட்டும் முறுக்கிக்கொள்ளும்.

பிடிமானத்தைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். மல்லர் கம்பம் பழகியவர்களுக்குத் தெரியும், அந்தத் தேக்கு மரத்தில் விளக்கெண்ணெய் தேய்ப்பார்கள். பருத்த மரத்தில் உரசல் குறைந்து உடல் வழுக்கிச் சுழல அது உதவுகிறது. உலோகக் கம்பத்தில் இது நேர் எதிர். இங்கே தோல்தான் பிடி. குட்டைக் கால்சட்டை அணிவதும் அதற்காகத்தான். தொடையும் முழங்கால் மடிப்பும் விலாவும் உலோகத்தைத் தொட்டால்தான் உடல் நிற்கும். வகுப்பு நாளில் தேங்காய் எண்ணெய், மாய்ச்சரைசர், சன்ஸ்கிரீன் எதுவும் வேண்டாம். முந்தின இரவு பூசியதுகூட வியர்வையோடு சேர்ந்து வழுக்கும். மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றிவிடுங்கள். அவை தோலைக் கிழிப்பதோடு கம்பத்தையும் கீறும்.

சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஈரப்பதமே பெரிய எதிரி. ஏசி அறையிலும் தொல்லை உண்டு. குளிர்ந்த உலோகத்தில் தோல் ஒட்டாது, வெளிக்காற்று பட்டதும் கம்பம் வியர்க்கும். திரவ சாக்பவுடர் கைவியர்வையை உறிஞ்சும். வறண்ட தோல்காரருக்கு அது கெடுதல். அவருக்குத் தேவை பசைத்தன்மை தரும் வேறு வகை. யாரோ சொன்னதை வாங்காமல், உங்கள் கை வியர்க்கிறதா வறள்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒவ்வொருவர் இறங்கியதும் ஸ்பிரிட் தெளித்த மைக்ரோஃபைபர் துணியால் கம்பத்தைத் துடைக்க வேண்டும். பவுடர் பூச்சு, சிலிக்கான் உறை போட்டவற்றுக்கு மட்டும் தயாரிப்பாளர் சொன்னதைப் பின்பற்றுங்கள். பித்தளை குரோமைவிட நன்றாகப் பிடிக்கும். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் குரோமைத் தவிர்ப்பது நல்லது. எதைப் பூசினாலும் தளர்ந்த கைக்கு மாற்று கிடையாது. விரல் தானாக விரிகிறது என்றால் அன்றைக்கு இறங்கிவிட வேண்டும்.

இனி ஆசிரியர். சான்றிதழ்கள் எல்லாம் தனியார் அமைப்புகள் தருபவை. சில நாள் பயிற்சியில் கிடைப்பவையும் உண்டு. ஆகவே சுவரில் மாட்டிய தாளைவிட, வகுப்பை எப்படி நடத்துகிறார் என்று பாருங்கள். முதல் வகுப்பிலேயே தலைகீழாகத் தூக்கிவிட்டுப் படம் எடுத்துத் தருபவரிடம் சேராதீர்கள். தரையில் தோள்பட்டை, வயிற்றுத் தசைகளை வலுவாக்கி, ஏறவும் முக்கியமாக இறங்கவும் கற்றுக்கொடுத்த பிறகே தலைகீழ் வர வேண்டும். உள்ளங்கையை வெளிப்புறமாகத் திருப்பிப் பிடிக்கும் முறுக்குப்பிடி தோளை மிகவும் வாட்டும். அதைப் புதியவருக்குக் கொடுப்பது பொறுப்பில்லாத வேலை. இடது, வலது இரண்டு பக்கமும் பழக்க வேண்டும். கம்பத்தின் அடியில் தடித்த மெத்தை அவசியம். ஆனால் கழுத்து முதலில் தரையில் மோதினால் மெத்தை காப்பாற்றாது, பக்கத்தில் நின்று தாங்கத் தெரிந்தவர் வேண்டும். தலையோ கழுத்தோ அடிபட்டவரைத் தூக்கி உட்கார வைக்காமல், அசைக்காமல், 108-ஐ அழையுங்கள்.

தாங்கிப் பிடிப்பதென்றால் தொட்டாக வேண்டும். எங்கே, எதற்காகத் தொடுகிறேன் என்று ஆசிரியர் முன்கூட்டிச் சொல்லிச் சம்மதம் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் அந்த அசைவை அன்று விட்டுவிட வேண்டும். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013 விளையாட்டுப் பயிற்சி நிலையங்களையும் பணியிடமாகவே கணக்கில் எடுக்கிறது. அங்கே வேலை பார்க்காத பெண்ணும் புகார் தரலாம். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடமென்றால் மாவட்ட உள்ளூர்க் குழுவிடம், மூன்று மாதத்துக்குள். பயிற்சி வீடியோவை உங்களைக் கேட்காமல் விளம்பரத்துக்குப் போடக் கூடாதென்று சேரும்போதே எழுதிக் கொடுங்கள். உடை மாற்றும் இடத்தில் கேமரா இருந்தால் அது குற்றம். நேரே காவல் நிலையம் போகலாம், பெண்கள் உதவி எண் 181-ஐயும் அழைக்கலாம். பிள்ளைகள் கற்கும் இடமென்றால் போக்சோ சட்டமும் குழந்தைகள் உதவி எண் 1098-உம் நினைவில் இருக்கட்டும்.

“அடிபட்டால் நிறுவனம் பொறுப்பல்ல” என்ற தாளில் கையெழுத்து வாங்குவார்கள். உங்கள் உடல்நிலையை மறைத்ததால் வந்த விளைவுக்கு அது அவர்களுக்குக் கேடயமாகலாம். ஆனால் தளர்ந்த கம்பம், மெத்தை இல்லாத தரை போன்ற அலட்சியத்துக்கு அந்தக் கையெழுத்தோடு உங்கள் உரிமை முடிந்துவிடாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 சேவைக் குறைபாட்டுக்கு இழப்பீடு கேட்க இடம் தருகிறது. குறைபாடுள்ள பொருளுக்குத் தயாரிப்பாளரும், சில சூழல்களில் விற்பவரும் பொறுப்பு. நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனையைச் செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரம் மாநில, தேசிய ஆணையங்களுக்கு இருக்கிறது. இணையத்தில் வாங்கியிருந்தால், விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்கவில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் போக வேண்டுமென்றால், நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமில்லை. இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்துவிட வேண்டும்.

கம்பம் முறிந்ததும் கடைக்காரர் மாற்றித் தருகிறேன், உடைந்ததை அனுப்புங்கள் என்பார். உடனே அனுப்பிவிடாதீர்கள். முறிந்த இடம், திருகு, கூரையில் பதிந்த தடம், பெட்டியில் உள்ள தொகுதி எண் எல்லாவற்றையும் படமெடுத்து, மருத்துவமனைச் சீட்டையும் பணம் கட்டிய ரசீதையும் சேர்த்து வைத்துக்கொண்டு, பெற்றுக்கொண்டோம் என்று எழுத்தில் வாங்கிய பிறகு கொடுங்கள்.